என் மனைவி எடுத்த கறுப்பு வானம்

1988 அக்டோபர்: ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்புக்குப் போகும் வழியில் உள்ள ஒரு கண்மாய்க் கரையில், என் மனைவி அகச்சிவப்புப் படச்சுருள் ஒன்றை எடுத்து முடித்தார்.

1988 நவம்பர்: இராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் குளியலறையில் அச்சுருள் கழுவப்பட்டது. ஒரு படத்துக்கு மட்டும் சிறிய அளவில் சோதனைப் பிரதி போடப்பட்டது.

1989 பிப்ரவரி: என் மனைவி காலமானார்.

1989 ஆகஸ்ட்: ஒரு நூற்பாலையின் மேலாளர் கேட்டதன்பேரில் அப்படத்தின் நெகடிவும் பிரதியும் அவரிடம் என்னால் கொடுக்கப்பட்டன.

1989 டிசம்பர்: அவ்வாலையின் புத்தாண்டுக் காலண்டர் வெளிவந்தது.

நடந்தவை இவ்வளவே. இவற்றில் எதையும் யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் இதை யாரிடம் சொன்னாலும், "இதற்கா இத்தனை கோபம்?" என்று கேட்கிறார்கள். ஆகவே அகச்சிவப்புப் படம் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் என் கோபம் விளங்காது.

நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். என் மனைவி மகளிர் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். ஒளி என் பாடம். இலை அவருடைய பாடம். மனிதக் கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஒளி, சிவப்புக்கு அப்பால், வெயிலில் எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. ஆரோக்கியமான இலை அவ்வொளியை வாங்கிக்கொள்வதில்லை, திருப்பி எறிந்துவிடுகிறது. நீல வானத்திலோ அவ்வொளி மிகக் குறைவு. அதை உணரக்கூடிய படச்சுருளில் ஒரு நிலக்காட்சியை எடுத்தால், பச்சை மரங்கள் வெடித்த பருத்தியைப்போல வெளுத்து நிற்கும். வானம் கறுத்துவிடும். அந்தக் கறுப்பின்மேல் மேகங்கள், கண்ணுக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு உக்கிரமாக எழும்பி நிற்கும். இது தந்திரம் அன்று. படத்தில் கைவைத்துத் திருத்துவதும் அன்று. அங்கே இருப்பதுதான் அது. நமக்குத்தான் தெரிவதில்லை.

என் மனைவி இதை முதலில் இலைகளுக்காகத்தான் தொடங்கினார். நோயுற்ற இலை இப்படங்களில் வெளுக்காது என்பதை மாணவிகளுக்குக் காட்ட விரும்பினார். பிறகு மேகங்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. கப்பலில் இன்ஜினியராக இருந்த அவருடைய தம்பி ஜப்பானுக்குப் போகும்போது ஒன்றிரண்டு சுருள்கள் வாங்கி வருவார். எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் மோர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் அவை இருக்கும். வெப்பம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் ஐஸ் போட்ட தூக்குவாளியில் வைத்து எடுத்துப் போவோம். வெளிச்சத்தில் கேமராவில் மாட்டவும் கூடாது. ஆகவே கண்மாய்க்கு அருகிலிருந்த மாந்தோப்பின் பம்புசெட் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, கனத்த ஜமுக்காளத்தைத் தலையோடு போர்த்திக்கொண்டு அவர் சுருளை மாட்டுவார். நான் வாசலில் காவல் நிற்பேன்.

அந்த அக்டோபர் மாதத்திலும் அப்படித்தான் நின்றேன். தோப்பைப் பராமரித்துவந்தவர் வரப்பிலிருந்து ஏறி வந்தார்.

"ஏன் சார், அக்கா இந்த வெக்கையில சமுக்காளத்தப் போத்திக்கிட்டு என்ன பண்ணுதாக? குளிர்காய்ச்சலா?"

"பிலிம் மாட்டுறாங்க."

"அத வெளிச்சத்துல மாட்டுனா என்ன? அக்காவுக்குக் கண்ணு நல்லாத்தான தெரியும்?"

உள்ளேயிருந்து, ஜமுக்காளத்துக்குள்ளிருந்து, என் மனைவியின் குரல் வந்தது. "எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும் அண்ணாச்சி. இந்த பிலிமுக்குத்தான் ஓவராத் தெரியும். நீங்க மட்டும் கதவத் தொறந்தீக, பொறவு என் தம்பிய மறுபடியும் ஜப்பானுக்கு அனுப்பணும்."

"தொறக்க மாட்டேன்த்தா. நாய் வந்தாக்கூட வெரட்டுதேன்," என்று அவரும் என்னோடு காவல் நின்றார்.

அப்போதே என் மனைவிக்குக் கரையேறும்போது மூச்சு வாங்கிற்று. இரண்டு இடங்களில் உட்கார்ந்துதான் ஏறினார். முதல்நாள் மழையில் காற்று கழுவிவிட்டாற்போல் இருந்தது. கண்மாய் நிறைந்திருந்தது. மலைக்குமேல் வெள்ளை மேகம் ஒன்று கோபுரம்போல் வளர்ந்துகொண்டிருந்தது. அவருடையது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கண்கள் உள்ள கேமரா; அதன் கீழ்க்கண்ணில் அடர்சிவப்பு வடிகட்டியை மாட்டிவிட்டு, மேல்கண் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவசரப்படுத்தினேன். "செத்த நேரம் பொறுங்க. அது இன்னும் தண்ணிக்கு மேல வரல," என்றார். எந்த ஒளிமானியாலும் இவ்வொளியை அளக்க முடியாது என்பதால், மேகம் வந்ததும் ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்தார். அவற்றில் ஒன்றுதான் சரியாக அமைந்தது.

கழுவுவதும் அப்படியே. மற்றப் பிரதிகளைப் போடும்போது ஏற்றிவைக்கும் சிவப்பு விளக்கைக்கூட இந்தச் சுருளுக்கு ஏற்றக் கூடாது. குளியலறைக் கதவிடுக்குகளில் துணி அடைத்து, முழு இருட்டில், சுருளும் மருந்தும் உள்ள டப்பாவை அவர் கவிழ்த்து நிமிர்த்துவார். வெளியே நின்று நான் நேரம் சொல்லுவேன். அன்று ஈரச் சுருளைக் கையில் பிடித்தபடி வெளியே வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். நெகடிவில் வானம் கண்ணாடியைப்போல் தெளிவாக இருந்தது. பிரதியில் அதுதான் கறுப்பாகும். மரங்கள் கெட்டிக் கறுப்பாக இருந்தன, அவைதான் வெளுக்கும். "படம் விழுந்திருச்சுங்க," என்று மட்டும் சொன்னார். இருபத்தைந்து ஆண்டுத் திருமண வாழ்வில் அவர் முகம் அப்படி இருந்ததை நான் சில முறைதான் பார்த்திருக்கிறேன்.

சிறிய பிரதி ஒன்று போட்டுப் பார்த்தார். வலப்பக்க மேலோரத்தில் வானம் இன்னும் இருள வேண்டும், மேகத்தின் அடிவயிற்றில் சாம்பல் நிறம் சற்றுக் கூட வேண்டும் என்றார். பெரிய தாள் வாங்கி அடுத்த மாதம் சரியாகப் போடுவதாகச் சொன்னார். அந்த அடுத்த மாதம் மருத்துவமனையில் கழிந்தது.

மகளிர் கல்லூரியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் அந்தச் சிறிய பிரதியை அவருடைய உருவப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அங்கேதான் ஆலையின் மேலாளர் அதைப் பார்த்தார். அவருடைய மகள் என் மனைவியிடம் படித்தவள். சில மாதங்கள் கழித்து வீட்டுக்கு வந்து, "மேடம் நெனவா எங்க மில்லுக் காலண்டர்ல இதப் போடுதோம் சார்," என்றார். பிரதியிலிருந்து அச்சிட்டால் துல்லியம் குறையும் என்பதால் நெகடிவும் வேண்டும் என்றார். நான் மூன்று விஷயங்கள் சொன்னேன். வானம் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். மரங்கள் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். கீழே என் மனைவியின் பெயர் இருக்க வேண்டும். "ஒங்க சொல்லத் தட்டுவனா சார்?" என்று கேட்டு, நெகடிவை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

டிசம்பரில் ஆலைச் சேவகர் ஒருவர் ரப்பர் வளையம் போட்டுச் சுருட்டிய காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். விரித்தேன். பச்சைப் பசேலென்ற மரங்கள். வெளிர்நீல வானம். மேகத்தின் ஓரங்களில் மாலை நேரத்துக்குரிய ரோஜா நிறம். தண்ணீரின்மேல் இரண்டு கொக்குகள் பறந்துகொண்டிருந்தன. அன்று அங்கே கொக்கு எதுவும் இல்லை. கீழே ஆலையின் பெயர், தந்தி முகவரி, நூல் ரகங்களின் எண்கள். என் மனைவியின் பெயர் எங்கும் இல்லை.

இதைவிடக் கொடுமை, வந்தவர்கள் எல்லாரும் பாராட்டியதுதான். என் சகபேராசிரியர் ஒருவர், "மேடம் படம் பிரமாதம் சார். என்னா பச்சை! கேரளா தோத்துது போங்க," என்றார். நான் நன்றி சொன்னேன். என்ன சொல்லியிருக்க முடியும்?

மறுநாள் ஆலைக்குப் போனேன். மேலாளர் எழுந்து நின்று வரவேற்றார். காபி சொல்லியனுப்பினார். நான் காலண்டரை மேசைமேல் விரித்தேன்.

"நான் சொன்னது என்ன, இது என்ன?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "மொதலாளி வீட்டம்மா பாத்துட்டாக சார். 'என்னப்பா இது, மரம் பூராம் வெள்ளச் சேல கட்டுன மாதிரி நிக்குது, வானம் எழவு வீடாட்டம் இருண்டு கெடக்குது. தை பொறக்கையில இதையா வீட்டுல மாட்டுவாக?'ன்னுட்டாக. வருசம் பூராம் தொங்கணும்லா சார்? காலண்டர்ல கறுப்பு வந்தா எவன் மாட்டுவான்?"

"என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"துக்கத்துல இருக்கீக. ஒங்களப் போயித் தொந்தரவு பண்ண வேணாம்னுதான்."

இந்த வாக்கியத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. என் துக்கம் அவருக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது. படம் பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுத்திருக்கலாம்; நான் ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன். மங்கலம் அமங்கலம் பார்ப்பது அவர்கள் உரிமை. தங்கள் சுவரில் எதை மாட்டுவது என்று தீர்மானிக்க அவர்களுக்கு எல்லா அதிகாரமும் உண்டு. ஆனால் நாற்பதாம் நம்பர் நூல் கேட்டவருக்கு அறுபதாம் நம்பரை அனுப்பிவிட்டு, 'இதுதான் பார்வைக்கு நன்றாயிருக்கிறது' என்று அந்த மேலாளர் என்றைக்காவது சொல்லியிருப்பாரா? நூலில் ஓர் இழை தடித்தால் முழு மூட்டையும் திரும்பி வரும் ஊர் இது. ஒரு படத்துக்கு மட்டும் அந்த மரியாதை எதற்கு என்று நினைத்துவிட்டார்கள்.

"பேரு விட்டுப்போனது எங்க தப்புதான் சார்," என்று அவரே தொடர்ந்தார். "இன்னும் பாதிக் காலண்டரு குடோன்லதான் கெடக்குது. மேடம் பேரப் போட்டுப் பளபளன்னு ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டிருவோம். வீட்டுல இருக்கதுக்கும் ஆளவிட்டு ஒட்டச் சொல்லுதேன்."

நியாயமான பரிகாரமாகவே அது எனக்கு அப்போது தோன்றிற்று. பெயராவது இருக்கட்டும் என்று நினைத்தேன். "சரி," என்றேன். "நெகடிவ் எங்கே?"

நெகடிவ் சிவகாசியில், அச்சகத்திலேயே இருப்பதாகச் சொன்னார். காலண்டரில் எத்தனை வண்ணம் பூசினாலும், நெகடிவ் இருந்தால் என் மனைவி நினைத்தபடி அந்தப் படத்தை இருட்டறையில் பெரிதாகப் போட்டுவிடலாம். மேலோரம் எவ்வளவு இருள வேண்டும், அடிவயிறு எவ்வளவு சாம்பலாக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த எண்ணத்தில்தான் நாலைந்து நாள் கழித்துச் சிவகாசிக்குப் பஸ் ஏறினேன்.

அச்சகத்தில் என்னை மாடிக்கு அனுப்பினார்கள். நெகடிவ்களைத் தூரிகையால் திருத்திக் கொடுக்கும் டச்சிங் ஆர்ட்டிஸ்ட் அங்கே வெளிச்சம் பொருத்திய கண்ணாடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். நான் எந்தக் காலண்டர் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க சார், உக்காருங்க. ஏயப்பா, அந்த நெகட்டிவ்ல நான் பட்ட பாடு எனக்கும் சாமிக்குந்தான் தெரியும். எல பூராம் வெளிச்சம் ஏறிக் கெட்டியாக் கெடந்துச்சு. வானத்துல ஒண்ணுமே விழல, வெறுங் கண்ணாடி. எவனோ கத்துக்குட்டி எடுத்திருக்கான் போல. வேற ஆளா இருந்தா தூக்கிக் கெடாசியிருப்பான். நான்தான் மருந்தத் தொட்டுத் தொட்டு எல எலையாக் கரைச்சு எறக்குனேன். கொக்கு பாத்தீகளா? கையால வரைஞ்சது."

உறையிலிருந்து நெகடிவை எடுத்து மேசைமேல் வைத்தார். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியதுதான் அது. இலைகள் இருந்த இடமெல்லாம் மெலிந்து, திட்டுத்திட்டாக, தேய்ந்த துணிபோல ஆகியிருந்தது. வானத்தில் சாயம் பூசியிருந்தது. மேகத்தின் விளிம்பைக் கத்தியால் சுரண்டியிருந்தார். சாயத்தைக் கழுவிவிடலாம். சுரண்டியதையும் கரைத்ததையும் என்ன செய்வது? கூடவே அந்தச் சிறிய பிரதியும் இருந்தது. வெள்ளை மரங்களின்மேல் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி, அம்புக்குறி போட்டு, 'பச்சை' என்று எழுதியிருந்தது. மேகத்துக்குப் பக்கத்தில் 'நீலம்'.

"எடுத்தது கத்துக்குட்டி இல்ல," என்றேன். "என் மனைவி. அந்த மரமெல்லாம் வெள்ளையாத்தான் இருக்கணும்."

"மரம் எப்படி சார் வெள்ளையா இருக்கும்?"

கேலியாகக் கேட்கவில்லை. ஆகவே சொன்னேன். இலை, ஒளி, சுருள், இருட்டு எல்லாவற்றையும் வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன். என் குரல் சரியாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இப்படின்னு ஒருத்தரும் சொல்லலையே சார். மரத்தப் பச்சையாக்கு, வானத்த நீலமாக்கு, ரெண்டு கொக்கு விடுன்னுதான் மில்லுலருந்து சொன்னாக. கெட்டுப்போன நெகட்டிவுன்னு நெனச்சுத்தான நான் காப்பாத்துனேன்?" பிறகு ஆதங்கத்தோடு, "அக்காவ ஒருநடை கூட்டிட்டு வந்திருக்கலாம்ல? அவியளையே கேட்டுச் செஞ்சிருப்பேனே," என்றார்.

"அவங்க இல்ல. பிப்ரவரியில இறந்துட்டாங்க."

அவர் மேசை விளக்கை அணைத்தார். நெகடிவை எடுத்து உறையில் போட்டு என்னிடம் தந்தார். "கரைச்சது திரும்பாது சார்," என்றார். ஆறுதல் எதுவும் சொல்ல முயலவில்லை. நான் படியிறங்கும்போது பின்னாலேயே வந்து, "வெள்ள மரம் வேற படம் இருந்தா ஒண்ணக் கொண்டாங்க சார். எப்படி இருக்கும்னு நான் பாக்கணும்," என்றார். அவர்மீது எனக்கு இருந்த ஆத்திரத்தில் திரும்பிப் பாராமலே, "கொண்டு வாரேன்," என்றேன்.

நேராக ஆலைக்கே போனேன். மேலாளர் அறையில் காலண்டர்கள் அடுக்கியிருந்தன. தங்க நிற எழுத்தில், கறுப்புக் கட்டத்துக்குள், 'நிழற்படம்: அமரர்' என்று தொடங்கி என் மனைவியின் பெயர், பட்டங்களோடு, பிழையில்லாமல் அச்சாகியிருந்தது. சேவகர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தீகளா சார், சொன்னபடி செஞ்சுட்டோம்," என்றார் மேலாளர்.

"நிறுத்தச் சொல்லுங்க."

"என்ன சார்? நீங்கதான பேரு வேணும்னு கேட்டீக?"

"இது அவங்க எடுத்த படம் இல்ல."

"அப்ப யாரு படம் சார்?"

"உங்க படம். உங்க பேரப் போட்டுக்குங்க."

சேவகர், விரல் நுனியில் ஒட்டிக்கொண்ட ஸ்டிக்கரை ஆட்டியபடி, "இப்ப இத ஒட்டவா, உரிக்கவா? யாராச்சும் ஒண்ணு சொல்லுங்க, வெரலு ஒட்டுது," என்றார்.

"உரிங்க," என்றேன். அவர் உரித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன். மேலாளர் என்னை வினோதமாகப் பார்த்தார். மனைவி போன துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பிறகு யாரிடமோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சொல்லட்டும். பெயர் இல்லையென்று சண்டைக்குப் போன நான், அந்தப் பெயர் அங்கே வந்துவிடக் கூடாது என்று காவல் நிற்க வேண்டியதாயிற்று.

அந்த ஆண்டு முழுவதும் அந்தக் காலண்டரிடமிருந்து எனக்குத் தப்பிக்க வழியில்லை. முடிதிருத்தும் கடையில் இருந்தது. சோழபுரத்தில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தது. செட்டியார்பட்டியில் மருந்துக்கடைக்காரர் தலைக்குமேல் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கட்டிக் கொடுத்தவர், நான் அதையே பார்ப்பதைக் கண்டு, "நம்ம கம்மாதான் சார் அது. எப்படி அழகா எடுத்திருக்கான் பாருங்க," என்றார். எந்த வீட்டிலும் அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. தங்கள் சுவரில் இருப்பது அவர்களுக்கு அழகாயிருந்தது. அவர்கள் எனக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை.

தீய எண்ணத்தோடு யாரும் எதையும் செய்யவில்லையே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மைதான். என் கோபம் அதனால் குறையவில்லை; கூடியிருக்கிறது. தீய எண்ணத்தோடு செய்பவனுக்குத் தான் ஒன்றை அழிக்கிறோம் என்றாவது தெரியும். இவர்களோ ஒரு பெண் மூச்சு வாங்கக் கரையேறிக் காத்திருந்து கண்டதை, அவள் கண்டது தவறு என்று கேட்காமலே முடிவு செய்து, அவளுக்கு நன்மை செய்வதாக நினைத்துத் திருத்திவிட்டார்கள். ஏழு ஆண்டுகளாகிவிட்டன. தங்களுக்குப் புரியாத ஒன்று கையில் வந்தால், அதைச் சரிசெய்யத் தொடங்கும் முன் 'இது ஏன் இப்படி இருக்கிறது?' என்று ஒரே ஒருமுறை கேட்பதுதான் இறந்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை என்று நான் இப்போது நம்புகிறேன்.

இன்னும் செய்யாதவை:

அவருடைய மற்ற நெகடிவ்களுக்குப் புதிய உறை வாங்குவது.

அவற்றுள் ஒன்றைப் பெரிதாகப் போட்டு, பெயரெழுதி, மகளிர் கல்லூரிக்குக் கொடுப்பது.

ஆலைக்கு எழுதி வைத்திருக்கும் கடிதத்தை அனுப்புவது, அல்லது கிழிப்பது.

வெள்ளை மரங்கள் உள்ள படம் ஒன்றை எடுத்துக்கொண்டு சிவகாசிக்குப் போய், இத்தனை பேரில் பார்க்க வேண்டும் என்று கேட்ட அந்த ஒரு மனிதரிடம் அதைக் காட்டுவது.